அர்த்த மண்டபமும் ஆர்மோனியப் பெட்டியும்

1

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஒரு முனையில் ஆண்டாள் கோபுரம், பதினோரு நிலை. இன்னொரு முனையில் மில்லுச் சங்கு. இரண்டுக்கும் நடுவில், ரோட்டை விட்டுத் தள்ளி, எங்கள் தெரு. கோபுரம் எங்கள் தெருவிலிருந்து நன்றாகத் தெரியும். பார்க்கிறதுக்கு யாரும் தடை சொன்னதில்லை.

2024 டிசம்பர் 15, மார்கழி பிறப்பதற்கு முதல் நாள். இளையராஜா அந்தக் கோயிலுக்கு வந்தார். அன்றைக்கு ஆடிப்பூரக் கொட்டகையில் அவருடைய திவ்ய பாசுர இசையும் நாட்டியமும். ஜீயர்களோடு உள்ளே போனவர் அர்த்த மண்டப வாசலைத் தாண்டினார். வெளியே நிற்கும்படி சொன்னார்கள். வெளியே வந்து நின்று கோயில் மரியாதையை வாங்கிக்கொண்டார். அந்தப் படம் ஒரே நாளில் ஊரெல்லாம் பரவியது. அர்ச்சகர், பரிசாரகர், மடாதிபதி தவிர வேறு யாரும் அர்த்த மண்டபத்துக்குள் போகிற வழக்கமில்லை என்று அறநிலையத் துறை விளக்கம் சொன்னது. தன்னைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்புகிறார்கள் என்றும், எங்கேயும் சுயமரியாதையை விட்டுக்கொடுக்கிறவன் தான் இல்லை என்றும் இளையராஜா மறுநாள் சொன்னார்.

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே வைத்துக்கொள்வோம். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதையும் ஒத்துக்கொள்வோம். அப்புறமும் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. பாட்டு உள்ளே போகலாம், பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் வெளியே நிற்க வேண்டும் என்கிற ஏற்பாடு எப்படி வந்தது? உள்ளே நிற்கும் உரிமை பிறப்போடு வருகிற இடத்தில், "எல்லாருக்கும் ஒரே விதி" என்பதற்கு என்ன அர்த்தம்?

அந்தப் படத்தைப் பார்த்ததும் என் ஞாபகத்துக்கு வந்தது ஒரு ஆர்மோனியப் பெட்டி. அதற்கும் ஒரு வாசல் இருந்தது, ஒரு பூட்டும் இருந்தது. இந்தக் கட்டுரை அந்தப் பெட்டியைப் பற்றியது; அதைச் சுற்றி நின்று நாலு குரலில் பாடிய ஜனங்களைப் பற்றியது. இதே மண்ணிலிருந்து, வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியிலிருந்து, பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அவர் அண்ணன் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்தது. கோயிலுக்குள்ளே சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது எழுத்தில் பதிவாகிவிட்டது. பாட்டில் அது எப்படி உட்கார்ந்திருந்தது என்பதை நாம் இன்னும் சரியாகப் பேசவில்லை.

2

பெட்டி என்று எங்கள் ஜனங்கள் சொன்னது காலால் மிதித்து வாசிக்கிற ஆர்மோனியத்தை. டவுன் கோயில்காரர்கள் அதையே ஆர்கன் என்பார்கள். நிஜமான ஆர்கன் குழாய்களால் ஆனது. பெரிய ஆர்கனில் ஆயிரக்கணக்கான குழாய்கள் சுவர் மாதிரி நிற்கும். அது இந்த வெக்கைக்கும் கரையானுக்கும் தாங்காது, விலையும் எட்டாது. சென்னை மாதிரி நகரத்துப் பெரிய கோயில்களில்தான் அதைப் பார்க்க முடியும். மற்ற ஊர்களுக்கு வந்தது மிதிப்பெட்டிதான். 1842இல் பாரீசில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கால் மிதித்தால் துருத்தி காற்றை ஓட்டும். காற்று பித்தளை நாக்குகளை அதிர வைக்கும். கொல்லன் பட்டறைத் துருத்தியைப் பார்த்தவனுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை.

எங்கள் தெருக்கோயிலில் பெட்டி கிடையாது. பாடகர் குழு மட்டும் உண்டு. என் அம்மா அதில் ஆல்ட்டோ பாடினாள். பகலில் மில்லில் கோன் வைண்டிங், ராத்திரி பாட்டுப் பயிற்சி. ஸ்கூல் சர்ட்டிபிகேட்டில் அவளுக்கு ஒரு பேர், கோயில் பதிவில் வேறொரு பேர். ஏன் என்பதை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆல்ட்டோ என்றால் என்ன? கூட்டிசை கேட்டுப் பழகாத தோழர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நம் காது ஒரே மெட்டைப் பிடித்துக்கொண்டு போகப் பழகியது. நாலு குரல் பாட்டில் ஒரே நேரத்தில் நாலு மெட்டு ஓடும். பெண்களின் மேல் குரல் சோப்ரானோ. வெளியே கேட்கிற பாட்டு பெரும்பாலும் அதுதான். அதற்குக் கீழே ஆல்ட்டோ. ஆண்களின் மேல் குரல் டெனர், அடிக்குரல் பேஸ். முதல் தடவை கேட்கும்போது பேஸை மட்டும் பிடியுங்கள். வீட்டுக்கு வானம் தோண்டுகிற மாதிரி அது அடியில் போய்க்கொண்டே இருக்கும். அடுத்த தடவை டெனர். கடைசியாக ஆல்ட்டோவைத் தேடுங்கள். அது கண்ணாமூச்சி காட்டும். ஒரே சுரத்தில் நாலஞ்சு எழுத்து நிற்கும், அப்புறம் அரைப்படி நகரும். தனியாகப் பாடிக்காட்டினால் "இதென்ன பாட்டு?" என்று சிரிப்பு வரும். அம்மா அடுப்படியில் தனியாகப் பாடும்போது நாங்கள் அப்படித்தான் சிரித்தோம். ஆனால் அதை எடுத்துவிட்டால் நடுவில் பள்ளம் விழுந்துவிடும், எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

பெட்டியின் வேலை இந்த நாலு பேரையும் ஒரே தரையில் நிறுத்துவது. பாட்டு தொடங்குமுன் சுருதி கொடுக்கும். பயிற்சியில் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக வாசித்துக் காட்டும். பாடும்போது குரல்களுக்கு அடியில் காற்றாக நிற்கும். நல்ல ஆர்கனிஸ்ட் பாடகரை முந்தமாட்டார். பாடுகிறவர்கள் மூச்சு எடுக்கும்போது அவரும் கையை லேசாக எடுப்பார். இதைக் கவனித்துக் கேட்டால் போதும், பாதி ரசனை வந்துவிடும்.

வருஷத்துக்கு ஒருமுறை கீத ஆராதனைக்கு எங்கள் குழு ஒரு டவுன் கோயிலுக்கு நடந்துபோகும். அங்கேதான் பெட்டி. எனக்குப் பன்னிரண்டு வயசு. பயிற்சி முடிந்து எல்லாரும் காப்பிக்குப் போனபோது நான் ஸ்டூலில் ஏறி மிதியில் கால் வைத்தேன். துருத்தி ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான். ஒரு பெரியவர் வந்தார்.

"ஏலே, உங்க தெருவுல மேளம் கெடக்குல்ல? அது பத்தாதா ஒனக்கு?"

திட்டவில்லை, அடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பெட்டியை மூடிப் பூட்டினார், சாவியை இடுப்பில் சொருகினார். அன்று ராத்திரி அம்மா அதே பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஆல்ட்டோ பாடினாள். அவள் குரல் உள்ளே போகலாம். என் கால் போகக்கூடாது.

3

இந்தச் சாவி எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு லுத்தர் வழி வந்தவர். லுத்தர் செய்த கலகங்களில் ஒன்று பாட்டில் செய்தது. குருமார் குழு லத்தீனில் பாட, ஜனங்கள் கேட்டுக்கொண்டு நின்ற கோயிலில், ஜனங்களையே சொந்த மொழியில் பாட வைத்தார். அந்த வழக்கம்தான் ஜெர்மன் மெட்டுகளோடு தரங்கம்பாடியில் தமிழ் பேசியது. பாடுவது எல்லாருக்கும் உரியது என்றது அது. ஆனால் பாடுகிறவர்கள் அங்கே உட்கார்ந்தது சாதி சாதியாக.

ராஜநாயக்கன் கதையைப் பாருங்கள். பறையர் குலத்தில் பிறந்து தஞ்சாவூர்ப் படையில் இருந்தவர். உபதேசியாராக ஊர் ஊராகச் சபைகளை வளர்த்தவர். 1741இல் ஒரு தமிழரைக் குருவாக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது அவர் பெயரும் வந்தது. பறையர் கையில் மற்ற சாதிக்காரர்கள் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்று அவரை விட்டுவிட்டு தியோகு என்ற வெள்ளாளரைக் குருவாக்கினார்கள். உழைப்பு உள்ளே, ஆள் வெளியே. அர்த்த மண்டபம் இந்துக் கோயிலில் மட்டும்தான் இருக்கிறதா?

அடுத்து தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைக்கு அவர்தான் தகப்பன். அவர் பாட்டின் அழகை யாரும் மறுக்க முடியாது, நானும் மறுக்கவில்லை. ஆனால் 1820களில் நடந்ததை மறைக்கக்கூடாது. ஹௌப்ரோ முதலான புதுப் பாதிரிகள் கோயிலில் சாதிவாரி உட்காருவதை ஒழிக்கப் பார்த்தார்கள். தஞ்சை வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் எழுதியவர் சாஸ்திரியார். பாதிரிகள் மேல் வைத்த குற்றச்சாட்டு நாலு. வேதப் புத்தக மொழிபெயர்ப்பை மாற்றினது, சாதிகளைக் கலக்கச் சொன்னது, கல்யாணத்திலும் சாவிலும் பூவைத் தடுத்தது, கோயிலில் தமிழ்ப் பாட்டைத் தடுத்தது. 1829இல் சாதியாசாரத்துக்கு ஆதரவாக ஒரு நூலே எழுதினார். வேலையும் போயிற்று.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். தமிழ்ப் பாட்டும் சாதி வரிசையும் ஒரே மனுவில் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஐரோப்பிய மெட்டும் சமபந்தியும் எதிர்ப்பக்கம் ஒன்றாக நிற்கின்றன. தமிழ்ப் பாட்டு நம்முடையது, ஐரோப்பியப் பாட்டு அந்நியம் என்று சுலபமாகப் பிரித்துவிட முடியாது. அன்றைக்குப் பறையர் கிறிஸ்தவன் ஒருவன் கோயில் வாசலில் நின்று யோசித்திருந்தால், அவனுக்கு எந்தப் பாட்டு சொந்தப் பாட்டு? அவன் அடித்த பறையைக் கேட்டவர்கள் இரண்டு பக்கத்திலும் இல்லை.

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதியைச் சபையிலிருந்து அடியோடு நீக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் கோயிலை விட்டே வெளியேறினார்கள். கத்தோலிக்கர் பக்கமும் யோக்கியமில்லை. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலுக்குக் கால்சட்டைக் கோயில் என்றே பேர். ஒரு கால் வெள்ளாளருக்கு, ஒரு கால் நாடாருக்கு, நடுவில் சுவர். அந்தச் சுவர் 1910இல்தான் விழுந்தது, வழக்கு ஹைக்கோர்ட் வரை போனது. இந்தச் சண்டையில் பறையருக்கோ பள்ளருக்கோ சக்கிலியருக்கோ எந்தக் கால் என்று யாரும் கேட்கவில்லை.

4

எங்கள் பக்கம் சபை வந்தது கூடாரத்தில். 1854இல் ராக்லண்ட், ஃபென், மெடோஸ் என்ற மூன்று சி.எம்.எஸ். மிஷனரிகள் வட திருநெல்வேலியில் ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் போதித்தார்கள். சிவகாசியை மையமாகக் கொண்டு வேலை செய்த ராக்லண்ட் 1858இல் அங்கேயே செத்துப்போனார். அந்த வழியில் பிறந்த சபைகளில் திருநெல்வேலிப் பாட்டு முறை ஊன்றியது. ஐரோப்பிய மெட்டுக்குத் தமிழ் வார்த்தை போட்ட பாமாலை ஒரு பக்கம், கீர்த்தனை மறுபக்கம்.

பாமாலையோடு வந்த இன்னொரு சாமான் டானிக் சோல்ஃபா. இங்கிலாந்தில் சாரா குளோவர் என்ற பெண் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கக் கண்டுபிடித்ததை ஜான் கர்வன் (1816-1880) எடுத்துப் பரப்பினார். ஐந்து கோடும் குண்டு எழுத்தும் வேண்டாம். டோ, ரே, மீ, ஃபா, சோ, லா, டீ என்று ஏழு எழுத்து, தாளத்துக்குப் புள்ளியும் கோடும். சாதா அச்சுக்கூடத்தில் அச்சடிக்கலாம், நோட்டில் கையால் எழுதலாம். அங்கே ஆலைத் தொழிலாளிக்கும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் பாட்டுப் படிக்கக் கற்றுக்கொடுத்தது அது. இங்கே என் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தது. அவளுடைய நாற்பது பக்க நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, மில்லுப் பஞ்சு ஒட்டிய அட்டையோடு.

இது சின்ன விஷயமில்லை. நம் நாட்டில் உயர்ந்தது என்று சொல்லப்படுகிற சங்கீதம் குருவின் வாயிலிருந்து சிஷ்யன் காதுக்குப் போனது. யார் சிஷ்யன் ஆகலாம் என்பது சாதி. காகிதத்தில் எழுதிய பாட்டு யார் காலிலும் விழச் சொல்லாது. ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) சுரண்டைப் பக்கத்துச் சாம்பவர்வடகரையில், சாணார் என்று இழிவாகப் பேசப்பட்ட குலத்தில், மிஷன் பள்ளி நிழலில் வளர்ந்தவர். சுருதிக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரும் நூலைப் போட்டு, சங்கீத வித்துவான்களோடு நேருக்கு நேர் வாதாடினார். கணக்கும் எழுத்தும் இல்லாமல் அந்தத் தைரியம் வந்திருக்குமா?

கடல் கடந்து பாருங்கள். அமெரிக்காவில் ஃபிஸ்க் பள்ளிக்கூடத்துக் கறுப்பு மாணவர்கள் 1871இல் பாடகர் குழுவாகக் கிளம்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தாய் தகப்பன் வயல்காட்டில் பாடிய பாட்டைக் கூட்டுக்குரலில் பாடிப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றினார்கள். தென்னாப்பிரிக்காவில் ஈனோக் சொண்டோங்கா என்ற மிஷன் பள்ளி வாத்தியார் 1897இல் ஒரு பாட்டை இதே சோல்ஃபா எழுத்தில் எழுதினார். அது விடுதலைப் போராட்டத்தின் பாட்டாகி, இன்று அந்த நாட்டுத் தேசிய கீதத்தில் ஒரு பகுதியாக இருக்கிறது. எஜமான் கொடுத்த எழுத்து, எஜமானுக்கு எதிரான பாட்டு.

எஜமான் யோக்கியனா என்றால், இல்லை. கிறிஸ்மஸ் தோறும் நாம் பாடுகிற அல்லேலூயா கோரஸ் ஹேண்டலின் 'மெசையா'வில் வருவது. 1742இல் டப்ளினில் முதலில் பாடியபோது வந்த பணத்தில் கடன்பட்டுச் சிறையில் கிடந்தவர்களை மீட்டார்கள். அதே ஹேண்டல் அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கு வாங்கியவர். இரண்டையும் தெரிந்துகொண்டுதான் பாட வேண்டும்.

5

பெட்டிக்கே தீண்டாமை நடந்த கதையும் உண்டு. ஆர்மோனியத்தில் சுரங்கள் படிப்படியாக நிற்கும், வளைவு வராது, கமகம் வராது. ஆகவே இந்திய சங்கீதத்துக்கு ஆகாது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தள்ளி வைத்தது. 1971 வரை தடை. அந்த வருஷங்களில் பெட்டி எங்கே இருந்தது? கோயில் மூலையில் இருந்தது, நாடக மேடையில் இருந்தது. நம் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் மேடை ஓரம் உட்கார்ந்து கால் ஆர்மோனியம் மிதிப்பவர்தான் ராத்திரி பூரா கதையை இழுத்துக்கொண்டு போவார். வித்துவான்கள் தள்ளியதைக் கூத்துக்காரனும் உபதேசியாரும் வைத்துக் காப்பாற்றினார்கள்.

ஆனால் பறையை யார் காப்பாற்றினார்கள்? பெட்டி கோயிலுக்குள் வந்தது. பறை வெளியே நின்றது. பிசாசின் மேளம், சாவு மேளம், குடிகாரன் மேளம். கிறிஸ்தவனானதும் முதலில் கீழே போடச் சொன்னது அதைத்தான். பறை சுமத்தப்பட்ட இழிவு என்பதால் அதைக் கீழே போட்டது விடுதலைதான் என்பவர்கள் நம்மில் உண்டு. அந்த நியாயத்தையும் கேட்க வேண்டும். என் தாத்தா அப்படித்தான் சொன்னார். "எழவுக்குக் கூப்பிட்டா போகமாட்டேன்னு சொல்றதுக்குத்தான்டா வேதத்துல சேந்தேன்." அவருக்குப் பறையைத் திரும்பக் கொண்டுவா என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாஃபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்று நம்மில் பலருக்குத் தெரிந்தவர், இந்த முடிச்சில் கை வைத்தார். கீர்த்தனை மேல்சாதி ருசி, பாமாலை வெள்ளைக்காரன் ருசி, உழைக்கிற ஜனத்தின் பாட்டு எங்கே என்று கேட்டார். 1994இல் கிராமிய இசை வழிபாட்டைக் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து தின்பதுதான் பக்தி என்றார். பறை வழிபாட்டுக்குள் வந்தது. அவர் 2005இல் இறந்துபோனார்.

அவரோடு எனக்குப் பெரும்பகுதி சம்மதம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சண்டை. பாமாலையின் நாலு குரலை அந்நியம் என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை. அதை என் அம்மா பத்து மணி நேரம் நூல் சுற்றிவிட்டு வந்து கற்றாள். அது மிஷனரியின் சொத்து இல்லை, டவுன் பெரியவரின் சொத்தும் இல்லை. அவள் உழைத்துச் சம்பாதித்தது. சாவி அவர்கள் இடுப்பில் இருந்ததால் பெட்டி அவர்களுடையது ஆகிவிடாது.

6

திரும்பவும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவோம். ஆண்டாளின் திருப்பாவை தனி ஆள் பாட்டில்லை. தோழிகளை வீடு வீடாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிற பாட்டு. முப்பது பாசுரமும் கூட்டம் சேர்க்கிற பாட்டுத்தான். ஒரு பெண் கட்டிய அந்தப் பாட்டைச் சந்நிதியில் சேவிக்கிற கோஷ்டியில் பெண் இல்லை. அரையர் சேவையில் தாளம் பிடிக்கிற கை பரம்பரை ஆண் கை. பாடச் சொன்னவளையே வெளியே நிறுத்திய இடத்தில்தான் இளையராஜாவும் நின்றார்.

அவர் பண்ணைப்புரத்தில் டேனியல் ராசையாவாக வளர்ந்தவர். அண்ணன் பாவலர் வரதராஜனோடு கட்சி மேடையில் ஆர்மோனியம் பிடித்தவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய எழுத்து முறை படித்தவர். எழுதத் தெரிந்ததால் பாக்கோடு பேச முடிந்தது. 1986இல் 'ஹவ் டு நேம் இட்' வந்தது. 2005இல் மாணிக்கவாசகரின் திருவாசகத்தை ஹங்கேரி வாத்தியக் குழுவுக்கும் கூட்டுக்குரலுக்கும் எழுதினார். அர்த்த மண்டபச் சம்பவம் நடந்து மூன்றே மாதத்தில், 2025 மார்ச் 8ஆம் தேதி, லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. தன்மேல் தலித் என்ற அடையாளத்தைப் போடுவதை அவர் விரும்பியதில்லை. அந்த விருப்பத்தை மதிப்போம். ஆனால் ஆர்மோனியமும் எழுத்தும் கையில் கிடைத்தால் நம் தெருக்களிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சி. எவ்வளவு தூரம் போனாலும் எந்த வாசல் எங்கே நிறுத்தும் என்பதற்கும் அதுவே சாட்சி.

போன கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போனேன். எங்கள் தெருக்கோயிலில் இப்போது கீபோர்டு இருக்கிறது. அதைப் பூட்டுவதில்லை. நர்சிங் படிக்கிற ஒரு பிள்ளை வாசித்தாள். ஒரு பையன் பறையோடு வந்து பக்கத்தில் நின்றான். பாமாலைக்கு நடுவில் அவன் அடி விழுந்தபோது இரண்டு பெரியவர்கள் எழுந்து வெளியே போனார்கள், நம் ஆட்கள்தான். என் தாத்தா இருந்திருந்தால் அவரும் போயிருப்பார். பாட்டு நிற்கவில்லை.

ஆனால் ஆல்ட்டோ பாட ஆளில்லை. எல்லாரும் மேல் மெட்டையே பாடுகிறார்கள். கீபோர்டு தானாகவே மற்றதை நிரப்பிக்கொடுப்பதால் நாலு குரல் கற்றுக்கொள்ள யாருக்கும் அவசரமில்லை. அந்தப் பிள்ளையிடம் அம்மாவின் நோட்டைக் காட்டினேன். "இது என்னண்ணே, கணக்கா?" என்றாள். ஏழு எழுத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அரை மணி நேரத்தில் ஒரு வரி பாடிவிட்டாள்.

தோழர்களே, உங்கள் ஊர்க் கோயில்களிலும் இப்படி நோட்டுகள் இருக்கும். பரணில், டிரங்குப் பெட்டியில், செத்துப்போன அத்தையின் சேலைக்கு அடியில். எடுத்துப் பாருங்கள். யார் பாடினார்கள், யார் பெட்டியில் உட்கார்ந்தார்கள், யாரை உட்கார விடவில்லை என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். சபை வரலாற்று மலர்களில் மிஷனரி பேர் இருக்கும், பெட்டி வாங்கிக்கொடுத்தவர் பேர் இருக்கும். ஆல்ட்டோ பாடியவள் பேர் இருக்காது. அதை நாம்தான் எழுத வேண்டும்.